மலையடிவாரத்தில் இறங்குங்கள்

சேலத்திலிருந்து பெங்களூருக்குக் காரில் போய்வருகிறவர்களிடம் தருமபுரி எப்படி இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்து வண்டிகள் தேங்கி நின்றதைச் சொல்வார்கள். பாளையம் சுங்கச்சாவடியைச் சொல்வார்கள். சாலையோர உணவகத்தில் காபி சுமார் என்பார்கள். ஊரைப் பற்றி ஒரு வார்த்தை வராது, ஏனென்றால் ஊருக்குள் அவர்கள் போனதே இல்லை. ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை நீளும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை இந்த மாவட்டத்துக்குச் செய்திருக்கும் உபகாரம் அது. வலப்பக்கம் சேர்வராயன் மலையும் வத்தல்மலையும் கூடவே வரும்; கண்ணாடியை இறக்காமலே பார்த்துவிட்டுப் போய்விடலாம்.

சுற்றுலாவுக்கென்றே வருகிறவர்களும் உண்டு. அவர்கள் ஒகேனக்கல்லுக்குப் போகிறார்கள். எண்ணெய் தேய்த்துக் குளித்து, பரிசல் ஏறி, மீன் வறுவல் சாப்பிட்டு, இருட்டுவதற்குள் ஊர் திரும்பிவிடுகிறார்கள். போகிற வழியில் தருமபுரி என்றொரு மாவட்டத் தலைநகரும் பென்னாகரம் என்றொரு சந்தை ஊரும் இருப்பது அவர்களுக்கு வேகத்தடைகளால் மட்டுமே தெரியும்.

மலைப் பகுதி என்றாலே நமக்கு உச்சிதான் நினைவுக்கு வருகிறது. கொண்டை ஊசி வளைவுகள், பனிமூட்டம், ஏரியில் படகு, தடுப்புக்கம்பி ஓரம் நின்று படம் எடுத்துக்கொள்ளும் காட்சிமுனை. மலையைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, மலை கொடுப்பதை விற்று, மலைக்கு வேண்டியதைக் கொடுத்துப் பிழைக்கும் ஊர்கள் கணக்கிலேயே சேருவதில்லை. ஒரு மலைநாடு எப்படி வாழ்கிறது என்று தெரிய வேண்டுமானால் அந்த ஊர்களில்தான் இறங்க வேண்டும், முடிந்தால் ஓர் இரவு தங்கவும் வேண்டும் என்பது என் கட்சி. அதியமான்கோட்டையிலிருந்து தொடங்குகிறேன்.

கூட்டம் வரும் கோயில், வராத கோயில்

தருமபுரிக்குத் தெற்கே ஏழெட்டு கிலோமீட்டரில், நல்லம்பள்ளி வட்டத்தில் இருக்கிறது அதியமான்கோட்டை. இங்கே ஆள் வருவதில்லை என்று யாரும் சொல்ல முடியாது. தேய்பிறை அஷ்டமி அன்று காலபைரவர் கோயில் வாசலுக்குப் போய்ப் பாருங்கள். தட்சிண காசி என்று பெயர் சொல்லிச் சேலத்திலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் திரள்கிறார்கள். சாம்பல் பூசணிக்காயை இரண்டாக அரிந்து, குடைந்து, எண்ணெய் ஊற்றித் திரி போட்டு, எரியும் விளக்கைக் கையில் ஏந்திக்கொண்டு கோயிலைச் சுற்றுகிறார்கள். மிளகாயை மூட்டை மூட்டையாகக் கொட்டி நடத்தும் யாகமும் உண்டு. பூசணிக்காய்க் கடை, திரிக் கடை, பூக்கடை, செருப்பு பார்த்துக்கொள்கிறவர், வண்டி நிறுத்த இடம் காட்டுகிறவர் என்று அன்றைக்கு ஊரில் பலருக்குக் கையில் காசு புரளும். கர்நாடகப் பதிவெண் கொண்ட கார்களுக்குக் குறைவில்லை.

அதே ஊரில் சென்றாயப் பெருமாள் கோயில் இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னம். ஒய்சாளர் காலத்தோடும் கிருஷ்ணதேவராயர் பெயரோடும் அதைச் சேர்த்துப் பேசுகிறார்கள். அதன் மகாமண்டபத்தில் ராமாயண, மகாபாரதக் காட்சிகளும் விஸ்வரூப தரிசனமும் வண்ண ஓவியங்களாக இருக்கின்றன. தமிழ்நாட்டில் பழைய சுவரோவியம் பார்க்க வேண்டுமென்றால் தஞ்சைக்கும் சித்தன்னவாசலுக்கும்தான் போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கும் நமக்கு, பெங்களூர் சாலையில் இப்படி ஒன்று இருப்பது தெரியாது. பூசணி விளக்கேற்ற வந்த கூட்டத்தில் நூற்றுக்கு ஒருவர் அங்கே போனால் அதிகம். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். போகச் சொல்லி யார் சொன்னார்கள்? எங்கே சொல்லியிருக்கிறது?

அந்த ஓவியங்களை வெறும் பழைய கலை என்று பார்த்துவிட்டு வருவதும் பாதிப் பார்வைதான். தருமபுரி வட்டாரம் பாரதக் கூத்தின் மண். துரோபதையம்மன் கோயில்களில் பதினெட்டு நாள் பாரதம் வைத்து, இரவெல்லாம் கூத்து நடத்தி, கடைசி நாளில் துரியோதனனை மைதானம் நிறையக் களிமண்ணில் கிடத்திப் படுகளம் முடிக்கிற ஊர்கள் இங்கே ஏராளம். மண்டபத்தில் வர்ணமாக ஒட்டியிருக்கும் அதே கதை கோடைக்காலத்தில் பக்கத்து ஊர்த் திடலில் சலங்கை கட்டி ஆடுகிறது. இரண்டையும் ஒரே பயணத்தில் பார்க்கிறவருக்குக் கிடைப்பதை எந்த அருங்காட்சியகமும் தர முடியாது. அதற்கு ஒரே நிபந்தனை, அன்றிரவு ஊர் திரும்பாமல் இருப்பது.

ஊருக்குப் பெயர் தந்த அதியமான் நெடுமான் அஞ்சியைப் பள்ளிக்கூடம் நமக்கு ஒரு நெல்லிக்கனியாகச் சுருக்கிக் கொடுத்துவிட்டது. அதியமான் கோட்டத்தில் அவனுக்கும் ஒளவைக்கும் சிலை இருக்கிறது, படம் எடுத்துக்கொள்ளலாம். அவன் ஆண்ட தகடூர்தான் இன்றைய தருமபுரி. சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை அந்தத் தகடூரை அழித்த போரைப் பற்றித் 'தகடூர் யாத்திரை' என்று ஒரு நூலே இருந்தது. சில பாடல்கள்தான் மிஞ்சின. அசோகர் கல்வெட்டுகள் தென்னாட்டு அரசர்களின் வரிசையில் சத்தியபுத்திரரைச் சொல்கின்றன. அது யார் என்று அறிஞர்கள் வெகுகாலம் மல்லுக்கட்டினார்கள். 1981இல் திருக்கோவிலூர் அருகே ஜம்பையில் கிடைத்த தமிழிக் கல்வெட்டு அந்தப் பட்டத்தோடு அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயரையும் சேர்த்துச் சொல்லி வழக்கை முடித்துவைத்தது. மௌரியப் பேரரசன் பெயர் சொல்லி மதித்த ஒரு குடியின் ஊரை நாம் மணிக்கு நூறு கிலோமீட்டரில் கடக்கிறோம்.

நெல்லிக்கனிக் கதையிலும் நாம் கவனிக்காத ஒன்று உண்டு. எட்டாத மலைச்சரிவில் விளைந்த கனி, ஊருக்கு வந்து கை மாறுகிறது. மலையின் பொருள் அடிவாரத்தில்தான் மதிப்புப் பெறுகிறது. இந்த வட்டாரத்தில் இன்றுவரை நடப்பதும் அதுதான்.

மன்றோ தங்கிய ஊர்

மலைக்குப் போவது என்றால் உச்சிக்குப் போய்க் குளிரை அனுபவிப்பது என்ற வழக்கம் நமக்கு வெள்ளைக்காரர்கள் கொடுத்துவிட்டுப் போனது. ஜான் சல்லிவன் 1820களில் உதகமண்டலத்தில் வீடு கட்டினார். ஏற்காட்டுக்கு காக்பர்ன் காப்பிச் செடியோடு ஏறினார். வெயிலுக்குத் தப்பி ஓடிய அதிகாரிகளின் ஊர்கள் அவை. அவர்கள் போன பிறகு நாம் அதே பங்களாக்களுக்கு, அதே மாதங்களில், அதே ஏரிக்கரைக்குப் போய்க்கொண்டிருக்கிறோம்.

அதே வெள்ளைக்காரர்களில் ஒருவர் முற்றிலும் வேறு மாதிரி வந்தார். 1792இல் திப்பு சுல்தான், தருமபுரி அடங்கிய பாராமகால் பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் ஒப்படைத்த பிறகு, கேப்டன் அலெக்சாண்டர் ரீடின் கீழ் நிலவரி ஏற்பாடுகளைச் செய்ய வந்த இளைஞர் தாமஸ் மன்றோ. ஏழாண்டுக் காலம் தருமபுரி வட்டாரமே அவர் இருப்பிடம். ஊர் ஊராகப் போய், உழவரிடம் நேரில் கணக்குக் கேட்டு, நிலத்தை அளந்தார். ரயத்துவாரி முறை என்று பின்னாளில் தென்னிந்தியாவில் பரவியது இங்கே முளைவிட்டதுதான். அந்த முறையின் நன்மை தீமை வேறு வழக்கு. மன்றோ தருமபுரியில் தோட்டம் போட்டார்; இந்த ஊரை விட்டுப் போக மனம் வராமல் போனார். கவர்னரான பிறகு 1826இல் சல்லிவனின் விருந்தாளியாக ஊட்டிக்கும் போனார் என்பது உண்மை. ஆனாலும் அவர் அறிந்த நாடு ஊட்டியில் இல்லை, அடிவாரத்தில்தான் இருந்தது. தருமபுரியில் அவர் நினைவாக ஒரு தூண் நிற்கிறது. வரி வாங்க வந்தவர்கூட மலையடிவார ஊர்களை இத்தனை நுணுக்கமாகப் பார்த்திருக்கிறார். விடுமுறைக்கு வரும் நமக்கு அந்தப் பொறுமை இல்லை.

உச்சியில் இடமும் தீர்ந்துவிட்டது. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரல் முதல் உயர் நீதிமன்றம் எண்ணிக்கையே விதித்தது: நீலகிரிக்கு வாரநாள்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000; கொடைக்கானலுக்கு 4,000, 6,000. பானை நிரம்பியாயிற்று, வழிவது எங்கே போகும் என்பதுதான் இப்போதைய கேள்வி. சுற்றுலாத் துறையின் வழக்கமான பதில், இன்னொரு மலையைக் காட்டுவது. இந்த மாவட்டத்தில் அது வத்தல்மலை. காப்பியும் சில்வர் ஓக்கும் வளரும், மலையாளிப் பழங்குடியினர் வாழும் மலை. அரசுப் பேருந்து மேலே போகத் தொடங்கியதே சமீப ஆண்டுகளில்தான். அதைச் சுற்றுலாத் தலமாக்குவோம் என்ற அறிவிப்புகள் அதற்கு முன்பிருந்தே வந்துகொண்டிருக்கின்றன. முதலில் பஸ், பிறகு பிளாட், பிறகு ரிசார்ட், பிறகு தண்ணீர் லாரி என்ற வரிசையை ஏற்காட்டில் பார்த்தவர்களுக்கு இந்த அறிவிப்புகள் நல்ல சகுனமாகத் தெரியாது.

பஸ் ஸ்டாண்டில் தெரியும் மலை

வத்தல்மலையைப் பார்க்க வத்தல்மலைக்குப் போக வேண்டியதில்லை. தருமபுரி நகரப் பேருந்து நிலையத்தில் காலையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் போதும். மலைச் சாமை மூட்டையோடு ஒருவர் இறங்குவார். காய்ச்சல் கண்ட பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு தாய் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போவார். ரேஷன் அட்டையில் பெயர் திருத்த, வங்கியில் கைரேகை வைக்க, சாதிச் சான்றிதழ் வாங்க என்று மலை தினமும் கீழே இறங்கி வருகிறது. உச்சியில் நின்று பார்க்கிறவருக்கு மலை காட்சி. இங்கே அது மனிதர்களாக நடமாடுகிறது.

பென்னாகரம் பக்கத்தில் கோட்டூர் என்று ஒரு மலைக்கிராமம். ஒவ்வொரு தேர்தலிலும் வாக்குப்பதிவு இயந்திரங்கள் கழுதை முதுகில் அங்கே ஏறுவதைப் பத்திரிகைகள் படம் பிடித்துப் போடுகின்றன. தேர்தல் முடிந்த மறுநாளும் அரிசியும் உப்பும் அதே வழியில்தான் ஏற வேண்டும் என்பதற்கு யாரும் படம் போடுவதில்லை. பென்னாகரத்துக் கடைத்தெருவில் நின்றால் அந்தப் பொருளாதாரத்தின் கீழ்முனை தெரியும்.

பாலக்கோட்டுக்குப் போனால் தக்காளி. மாநிலத்தின் பெரிய தக்காளிச் சந்தைகளில் ஒன்று. கூடை கூடையாக வந்திறங்கும் பழம் லாரிகளில் ஏறி வெளியூர்களுக்குப் போகிறது. விலை ஏறினால் தொலைக்காட்சி கேமரா வருகிறது; விலை விழுந்து விவசாயி சாலையோரம் கொட்டிவிட்டுப் போனாலும் வருகிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட சாதாரண நாள்களில் போய்ப் பாருங்கள், ஏலம் எப்படி நடக்கிறது, கமிஷன் மண்டியில் யார் யாருக்குக் கடன்பட்டிருக்கிறார்கள் என்பதெல்லாம் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் காதில் விழும். தருமபுரியில் பட்டுக்கூடு அங்காடி இருக்கிறது. வெள்ளையும் மஞ்சளுமாகக் கொட்டிக்கிடக்கும் கூடுகளுக்கு நடுவே ஏலம் நடப்பதை ஒருமுறை பார்த்தவர் பட்டுப்புடவைக் கடையில் வேறு கண்ணோடு நிற்பார். கோடை வந்தால் புளி. வீட்டுத் திண்ணைகளில் பெண்கள் உட்கார்ந்து, தட்டிக் கொட்டை எடுத்துக் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறார்கள். நல்லம்பள்ளியின் ஆட்டுச் சந்தையை விடிவதற்கு முன்பே போய்ப் பார்க்க வேண்டும். வெயில் ஏறினால் வியாபாரம் முடிந்துவிடும்.

அரூர் தனி உலகம். சித்தேரி மலைக்கு அதுதான் வாசல், தீர்த்தமலைக்கும் அதுதான் வழி.

பாப்பாரப்பட்டியில் சற்று நிற்க வேண்டும். சுப்பிரமணிய சிவா தன் கடைசி நாள்களைக் கழித்த ஊர். சிறையில் தொற்றிய தொழுநோயைக் காரணம் காட்டி ரயிலில் ஏறக்கூடாது என்று ஆங்கில அரசு தடுத்த பிறகு, நடந்தும் கட்டைவண்டியிலும் ஊர் ஊராகப் போய்ப் பேசியவர் அவர். பாரதமாதாவுக்குக் கோயில் எழுப்ப இந்த ஊரைத் தேர்ந்தெடுத்து, 1923இல் சித்தரஞ்சன் தாஸைக் கொண்டு அடிக்கல் நாட்டினார். 1925 ஜூலை 23 அன்று இங்கேயே இறந்தார். அவர் நினைவிடத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் பிறந்தநாளுக்கும் நினைவுநாளுக்கும் மாலையோடு வரும் அதிகாரிகளும் கட்சிக்காரர்களும். ஒகேனக்கல் போகிற கார் கொஞ்சம் திரும்பினால் போதும். திரும்புவதில்லை.

ஒகேனக்கல்லைப் பற்றியே ஒரு வார்த்தை. அருவியைப் பார்த்துவிட்டு வருகிறவர் காவிரியின் ஒரு முகத்தைத்தான் பார்க்கிறார். இன்னொரு முகம் தருமபுரித் தெருக்குழாயில் இருக்கிறது. இந்த மண்ணின் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுதி. பல்லில் பழுப்புக் கறையும் முதுகெலும்பு வளைவும் தலைமுறைகளாக இங்கே சாதாரணம். கைக்கெட்டும் தூரத்தில் காவிரி கொட்டிக்கொண்டிருக்க, கிணற்று நீரைக் குடித்து எலும்பு உருகிய மாவட்டம் இது. ஜப்பான் நிதியுதவியோடு, கர்நாடகத்தின் எதிர்ப்பையும் தாண்டி, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013 மே மாதம்தான் தொடங்கிவைக்கப்பட்டது. ஊரில் தங்கி, ஐம்பது வயதுக்காரர் ஒருவர் சிரிப்பதையும் அவர் பேரப்பிள்ளை சிரிப்பதையும் அருகருகே பார்க்கிறவருக்கு அந்தத் திட்டத்தைப் பற்றி யாரும் விளக்க வேண்டியதில்லை.

தருமபுரி நகரத்துக்குள்ளேயும் விஷயம் உண்டு. கோட்டைக் கோயிலில் நுளம்பர் காலத் தூண்களும், காமாட்சியம்மன் சன்னதியின் அடித்தளத்தைச் சுற்றி விரலளவு ராமாயணச் சிற்பங்களும் இருக்கின்றன. தரையைத் தொடாமல் நிற்கும் தூணின் அடியில் துண்டைக் கொடுத்து இழுப்பது வருகிறவர்களுக்கு விளையாட்டு; சிற்பங்களைக் குனிந்து பார்ப்பவர் குறைவு. அரசு அருங்காட்சியகத்தில் நடுகற்கள். ஆநிரை கவர்ந்தும் மீட்டும் இறந்தவர்களுக்குப் பல்லவர் காலம் தொட்டு எடுத்த கற்கள், வட்டெழுத்தோடு. அருங்காட்சியகத்துக்கு வராமல் வயல்வெளியிலேயே நின்றுவிட்ட கற்களுக்கு மக்கள் வேடியப்பன் என்று பெயரிட்டு, இன்றும் பொங்கல் வைக்கிறார்கள்.

கெட்ட செய்தியின் ஊர்

இந்த மாவட்டம் வெளியூர்ப் பத்திரிகைகளில் இடம்பிடிப்பது பெரும்பாலும் துயரங்களால். 2000 பிப்ரவரி 2 அன்று இலக்கியம்பட்டியில் கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவிகள் மூவர் பேருந்தோடு எரிக்கப்பட்டார்கள். அவர்கள் கல்விச் சுற்றுலா வந்தவர்கள் என்பதை மறக்கக் கூடாது. 2012 நவம்பரில் நத்தம், கொண்டம்பட்டி, அண்ணா நகர் தலித் குடியிருப்புகள் ஒரு காதல் திருமணத்துக்காகக் கொளுத்தப்பட்டன. சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் சேர்ந்து ஒரு பழங்குடிக் கிராமத்தைச் சூறையாடின; பதினெட்டுப் பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 அரசு ஊழியர்களில் உயிரோடிருந்த 215 பேரையும் 2011இல் தருமபுரி நீதிமன்றம் குற்றவாளிகள் என்றது. 2023 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டமும் இதுதான், 68.54 சதவீதம்.

இவற்றைச் சொல்லாமல் அழகான மலையடிவாரம், அப்பாவி மக்கள் என்று எழுதுவது சுற்றுலாத் துண்டறிக்கையின் வேலை. வாச்சாத்தியைப் 'பார்க்க'ப் போங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அது காட்சிப் பொருள் இல்லை. சித்தேரிக்குப் போகிறவர் அந்தத் தீர்ப்பைப் படித்துவிட்டுப் போகட்டும் என்பேன். மலையில் செருப்பில்லாமல் எதிரே வரும் முதியவர் காக்கிச் சட்டையைக் கண்டால் ஏன் ஒதுங்குகிறார் என்பது அப்போது விளங்கும். ஊரைத் தெரிந்துகொள்வது என்றால் அதன் காயத்தையும் தெரிந்துகொள்வதுதான்.

ஊர்க்காரர்களே ஊரில் இருப்பதில்லை என்பதும் சேர்த்துச் சொல்ல வேண்டியது. பெங்களூரின் அடுக்குமாடிகளுக்குச் செங்கல் சுமக்கவும், திருப்பூரில் பனியன் தைக்கவும் போனவர்களால் நிற்கும் மாவட்டம் இது. ஞாயிற்றுக்கிழமை இரவு பெங்களூர் பஸ்ஸில் இடம் கிடைக்காது. பெங்களூர்க்காரர் வாரக்கடைசியில் மலை தேடி இங்கே வருவதும், இங்கிருப்பவர் வாரத் தொடக்கத்தில் கூலி தேடி அங்கே போவதும் ஒரே சாலையில்தான் நடக்கிறது.

கூட்டுச் சாலையில் ஒரு கடை

வெளிநாடுகளிலும் இதே கதை உண்டு. இலங்கையில் கண்டியிலிருந்து மலையேறும் ரயிலில் வெள்ளைக்காரப் பயணிகள் தொற்றிக்கொண்டு போவதைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலோர் எல்லவில் இறங்கி, ஒன்பது வளைவுப் பாலத்தில் படம் எடுத்துக்கொள்கிறார்கள். ரயிலோ 1924 முதல் பதுளை வரை போகிறது. ஊவா மாகாணத்தின் தலைநகர், மலையகத் தமிழர்கள் கோயிலும் கடையும் வைத்திருக்கும் நகரம். எல்ல விடுதிகளால் மூச்சுத் திணறுகிறது. பதுளையில் அறை காலியாகக் கிடக்கும்.

மாற்றி யோசித்தவர்களும் இருக்கிறார்கள். இத்தாலியில் 1976இல் ஃப்ரியூலி மலைப்பகுதியை நிலநடுக்கம் குலைத்த பிறகு, வெறுமையான கிராம வீடுகளைச் செப்பனிட்டு, ஒரு வீட்டில் வரவேற்பு, பல வீடுகளில் அறைகள் என்று ஊரையே ஒரு விடுதியாக்கும் யோசனை பிறந்தது. புதுக் கட்டடம் தேவையில்லை. ஜப்பான் இன்னும் எளிமையாக யோசித்தது. 1993இல் நெடுஞ்சாலையோரம் 'சாலை நிலையங்கள்' என்று தொடங்கினார்கள். இன்று ஆயிரத்து இருநூறுக்கு மேல். இலவசமாக வண்டி நிறுத்தலாம், இரவும் பகலும் கழிப்பறை திறந்திருக்கும், உள்ளூர் விவசாயி கொண்டுவந்து வைத்த காய்கறியை அவர் பெயரோடு விற்பார்கள், பக்கத்து ஊர்களுக்கு வழி சொல்ல ஆள் இருப்பார்.

அதியமான்கோட்டை இதற்கென்றே அமைந்ததுபோல இருக்கிறது. ஓசூரிலிருந்து ராயக்கோட்டை, பாலக்கோடு வழியாக வரும் நான்குவழிச் சாலை 44ஆம் எண் நெடுஞ்சாலையோடு வந்து சேரும் இடம் இது. பாராமகாலுக்கும் சேலத்துக்கும் நடுவே தொப்பூர் கணவாயைக் கடந்த ஐதர், திப்பு படைகளுக்கும் ஆங்கிலப் படைகளுக்கும் வழி இதுதான், இன்று லாரிகளுக்கு. பன்னாட்டு பர்கர் கடைக்கு விடுவதற்குப் பதில், அந்தக் கூட்டுச் சாலையில் மகளிர் குழுக்களிடம் ஒரு நிலையத்தைக் கொடுத்துப் பாருங்கள். சித்தேரிச் சாமை, வத்தல்மலைக் காப்பி, பாப்பாரப்பட்டிப் பக்கத்துப் புளி, கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும். நிப்பட்டும் முறுக்கும் கேட்கவே வேண்டாம். கழிப்பறை சுத்தமாக இருந்தால் பாதி வெற்றி. சுவரில், சென்றாயப் பெருமாள் கோயில் ஓவியங்கள் எந்தப் பக்கம், எத்தனை மணிக்குத் திறக்கும் என்று பெரிய எழுத்தில் இருந்தால் மீதி வெற்றி.

இதனால் சிற்றூர்கள் கெட்டுப்போகாதா என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. ஓசூர்ச் சாலையில் ஏற்கெனவே பண்ணைவீட்டு மனை விற்கும் பலகைகள் முளைத்துவிட்டன. அதியமான்கோட்டை, அதகப்பாடி வட்டாரத்தில் சிப்காட் வருகிறது. அது வந்தால் ஊரின் முகமே மாறும். ஆனால் சந்தை ஊர் வேறு, மலை உச்சி வேறு. அந்நியர் ஆயிரம் பேர் வந்தால் வத்தல்மலையின் ஊற்று தாங்காது. தருமபுரியும் பாலக்கோடும் தினந்தோறும் ஆயிரக்கணக்கானவர்கள் வந்துபோவதற்கென்றே உருவான ஊர்கள். அங்கே நூறு பேர் கூடுதலாக வந்தால் மெஸ்ஸில் இன்னொரு பானை உலை வைப்பார்கள், அவ்வளவுதான். அங்கே விழும் ரூபாய் ரிசார்ட் முதலாளியின் கணக்குக்குப் போகாமல் டீக்கடை, ஆட்டோ, லாட்ஜ், பழக்கடை என்று நாலு கை மாறும். பெண்கள் குடும்பத்தோடு தங்கக்கூடிய லாட்ஜ்கள்தான் குறைவு. அதை முதலில் சரிசெய்தாக வேண்டும்.

இந்த ஊர்களுக்கு ஒரு காலத்தில் ரயிலே இருந்தது. பஞ்சக் காலத்துக்கு உதவும் என்று மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906இல் குறுகிய பாதை போட்டு, 1913இல் ஓசூர் வரை நீட்டினார்கள். 1941இல், உலகப் போரின் நடுவே, மூடிவிட்டார்கள். மொரப்பூர் - தருமபுரி அகலப் பாதைக்கு 2019இல் மறுபடியும் அடிக்கல் நாட்டப்பட்டது. அதில் ரயில் ஓடத் தொடங்கினால் சென்னைக்காரர்களுக்கு இந்த ஊர்கள் கிட்டத்தில் வந்துவிடும். அதுவரை சேலம் - பெங்களூர் பாதை இருக்கிறது. ஓமலூர் தாண்டியதும் ரயில் தொப்பூர், முத்தம்பட்டி, சிவாடி என்று மலை இடுக்குகளில் வளைந்து வளைந்து ஏறும். ஊட்டி ரயிலுக்கு மாதக்கணக்கில் முன்பதிவு செய்கிறவர்கள் இந்தப் பாதையில் தூங்கிக்கொண்டு போகிறார்கள். தருமபுரியில் இறங்கி, பையை ஒரு லாட்ஜில் போட்டுவிட்டு, டவுன் பஸ் ஸ்டாண்டில் முதலில் கிளம்பும் வண்டி எதுவோ அதில் ஏறலாம். பாலக்கோடோ, பாப்பாரப்பட்டியோ, நல்லம்பள்ளியோ, எதுவானாலும் நஷ்டமில்லை. கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று மட்டும் கண்டக்டரிடம் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.